குதிரை போட்ட சாணி

"அண்ணி, இதுக்கு என்ன வயசு இருக்கும்? சொல்லுங்க பார்ப்போம்."

மாட்டு டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். கூடப்பிறந்த தம்பியின் மனைவி வாசலில் நின்றிருந்தாள். வீட்டில் எல்லோரும் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது முப்பத்தெட்டு ஆகியும் அந்தப் பெயர் மாறவில்லை. இரண்டு கைகளாலும் ஓர் அலுமினியத் தட்டைத் தாங்கிக்கொண்டு, பலகாரம் கொண்டுவருகிறவளைப் போலப் பார்த்துப் பார்த்து நடந்து வந்தாள். தட்டில் இருந்தது காய்ந்த மாட்டுச் சாணி.

எடை மேடையில் ஆட்டோடு நின்றிருந்த ஆள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மேசைமேல வைக்காதே, என் சாப்பாட்டு டப்பா இருக்கு," என்றார் டாக்டர். சொன்ன கையோடு அதை எடுத்துப் புரட்டியும் பார்த்தார். விளிம்பு உடையாமல், நடுவில் லேசாகக் குழிந்து, சுட்டு எடுத்த ஓடு போலக் கனமாக இருந்தது. "ரெண்டு மாசம் இருக்குமா? மிஞ்சிப்போனா மூணு."

"பதினாலு மாசம், அண்ணி. விழுந்த அன்னிக்கே பக்கத்துல ஒரு குச்சி நட்டு தேதி எழுதி வெச்சேன்."

"சாணிக்குப் பிறந்த தேதியா? உனக்கு வேற வேலை இல்லையா?"

"வேலை இருக்கு. ஆனா இது ஏன் இன்னும் மக்கலைன்னு தெரியாம எனக்கு எந்த வேலையும் ஓட மாட்டேங்குது."

விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. டாக்டர் ஆட்டுக்கு மருந்தெழுதி அனுப்பிவிட்டு, எதிர் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

தம்பிக்கும் சின்னவளுக்கும் ஆயிரத்து இருநூறு ஏக்கர் புல்வெளியும் நூற்றறுபது மாடுகளும் இருந்தன. ஒருகாலத்தில் மாடுகள் இஷ்டத்துக்கு மேய்ந்து மேய்ந்து நிலம் மொட்டையாகிவிட்டது. மழை பெய்தால் மண்ணோடு சேர்ந்து ஓடியது. நான்கு வருடங்களுக்கு முன்னால் தம்பி துணிந்து ஒரு காரியம் செய்தான். நிலத்தைப் பதினாலு துண்டாகப் பிரித்தான். நான்கு நாளுக்கு ஒரு தரம் மாடுகளை அடுத்த துண்டுக்கு மாற்றினான். மேய்ந்த துண்டுக்கு ஐம்பது நாளாவது ஓய்வு கொடுத்தான். வனத்துறை சொன்னபடி வேலியின் அடிக்கம்பியைக் கழற்றினான், மான்கள் குனிந்து போய்வரட்டும் என்று. அக்கம்பக்கத்தார் அவனுக்குப் பைத்தியம் என்றார்கள். ஆனால் மூன்றாம் வருடம் இடுப்புயரப் புல் வந்தது. யாருக்கும் பெயர் தெரியாத பூக்கள் வந்தன. மான்கள் வந்தன.

வானம்பாடிகள் மட்டும் குறைந்துகொண்டே போயின.

வானம்பாடி தரையில், புல் தூருக்கடியில் கூடு கட்டும். புல் வந்தால் அதுவும் பெருக வேண்டும். வனத்துறையிலிருந்து கணக்கெடுக்க வரும் மனிதருக்கு இது பிடிபடவில்லை. ஊரார் அவரைப் 'பறவை சார்' என்று கூப்பிடுவார்கள். கழுத்தில் தொங்கும் தொலைநோக்கியை அவர் குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது அங்கே பலருடைய சந்தேகம். அந்த வருடம் அவர் முப்பத்தொரு கூடுகளைக் கண்டுபிடித்தார். முட்டைகள் நன்றாகப் பொரிந்தன. பிறகு குஞ்சுகள் மெலிந்து மெலிந்து செத்தன. நான்கே நான்கு கூடுகளில்தான் குஞ்சுகள் பறக்கும் அளவுக்கு வளர்ந்தன.

"பூச்சி பத்தலைன்னு சொல்றாரு அண்ணி. இவ்வளவு புல்லு இருக்கு, பூச்சி எங்க போச்சு? அதைத்தான் யோசிச்சிட்டே நடந்தேன். காலடியில பார்த்தா எங்க பார்த்தாலும் சாணி. போன வருஷத்துச் சாணி, அதுக்கு முந்தின வருஷத்துச் சாணி. எதுவும் காலியாகலை."

டாக்டருக்குத் தான் படித்த கல்லூரியின் மாட்டுப் பண்ணை நினைவுக்கு வந்தது. அங்கே காலையில் விழுந்த சாணி சாயங்காலமே சல்லடையாகிவிடும். ஒரு வாரத்தில் அந்த இடத்தில் நாலு துரும்பு மட்டும் கிடக்கும். அதையெல்லாம் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தார். வருடக் கணக்கில் மாடுகளின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர், தரையில் விழுவதைப் பார்க்காமலே இருந்திருக்கிறார்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர், தம்பி, சின்னவள், பறவை சார் நால்வரும் புல்வெளியில் நடந்தார்கள். சின்னவள் சொன்னது கொஞ்சமும் மிகையில்லை. பத்தடிக்கு ஒன்றாகத் தட்டுகள் கவிழ்த்தது போல இருந்தது. டாக்டர் ஒன்றைப் புரட்டினார். அடியில் புல் மஞ்சளாக வெந்து கிடந்தது. சுற்றிலும் ஒரு முழத்துக்குப் புல் ஓங்கி நின்றது. சாணி வாடை அடிக்கும் இடத்தில் மாடு வாய் வைக்காது. ஒரு தட்டால் ஒரு முழ மேய்ச்சல் வீண் என்றால், இத்தனை தட்டுக்கு? டாக்டர் கணக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார்.

"இதுக்குள்ள இருந்திருக்க வேண்டியது எது?" என்று பறவை சார் கேட்டார்.

"சாணி வண்டு. அதோட புழு. இன்னும் என்னென்னவோ சின்னச் சின்ன பூச்சி."

"அதெல்லாம் குஞ்சுக்கு முதல் தரமான தீனியாச்சே!"

"வறட்சியா இருக்குமோ?" என்றார் டாக்டர்.

"ரெண்டு வருஷமா நல்ல மழை அக்கா," என்றான் தம்பி. அவன் முகத்தில் கொஞ்சம் வருத்தமும் கொஞ்சம் வீம்பும் இருந்தன. "பூச்சிமருந்தும் கிடையாது. இந்த நிலத்துல ஒரு சொட்டு மருந்து விழுந்து ஏழு வருஷம் ஆச்சு. களைக்குக்கூட அடிக்கிறதில்ல. யாரை வேணா கேட்டுக்கோ."

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் சின்னவள் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். "அண்ணி! இங்க வாங்க!"

அங்கே ஒரு சாணி உண்மையிலேயே சாணி போல இருந்தது. ஐந்தாறு நாள் ஆகியிருக்கும். மேலெல்லாம் விரல் நுழையும் ஓட்டைகள். ஓரத்தில் புது மண் பொடிப்பொடியாக மேலே தள்ளப்பட்டிருந்தது. டாக்டர் குச்சியால் கிளறியதும் கறுப்பாகப் பளபளத்த வண்டு ஒன்று, தூக்கத்தில் எழுப்பப்பட்டவனைப் போலத் தடுமாறி மறுபடியும் உள்ளே புகுந்தது.

நால்வரும் தரையில் முட்டிபோட்டு அதைப் பார்த்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் ஏதோ புதையல் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"இது மட்டும் எப்படி?" என்றான் தம்பி.

சின்னவள் தலையைச் சாய்த்து, அதன் வடிவத்தை ஆராய்ந்தாள். "இது குதிரை போட்டது."

பறவை சார் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதிய கை நின்றது. "உங்ககிட்ட குதிரை இருக்கா? போன வருஷ விலங்குப் பட்டியல்ல வரலையே."

"குதிரைங்கறது மாடு சார்," என்றாள் சின்னவள்.

"எந்த மொழியில?"

தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குதிரை என்பது காதில் நாற்பத்தேழாம் எண் வில்லை மாட்டிய செவலைப் பசு. எந்த வேலியானாலும் ஒரே தாண்டு. அதனால் வந்த பெயர். மந்தையோடு சேராமல் தொட்டியோரம் தனியாகப் படுக்கும். இடது பின்னங்கால் கொஞ்சம் கோணல் என்பதால் சாணியை எப்போதும் ஒருபக்கமாக இழுத்தாற்போலப் போடும். அதெல்லாம் சின்னவளுக்குத்தான் தெரியும்.

அன்று முழுக்க டாக்டர் ஒரு வாளியோடு குதிரையின் பின்னால் நடந்தார். அது எந்தப் புல்லைத் தின்கிறது, எங்கே தண்ணீர் குடிக்கிறது, எதை நக்குகிறது என்று பார்த்தார். மற்ற மாடுகள் தின்றதைத்தான் அதுவும் தின்றது. அதே தண்ணீரைத்தான் குடித்தது. பகல் பூராவும் ஒரு மனுஷி தன்னையே தொடர்வதைக் குதிரையும் கவனித்துவிட்டது. நின்று நின்று திரும்பிப் பார்த்தது.

"அவளுக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு அண்ணி," என்றாள் சின்னவள்.

"எனக்கும்தான்," என்றார் டாக்டர். நிஜமாகவே அவருக்கு உற்சாகமாக இருந்தது. இருபது வருட உத்தியோகத்தில் விடை தெரியாத ஒரு கேள்வியை அவர் பார்த்து நாளாகியிருந்தது. என்ன நோய், என்ன ஊசி, எத்தனை மில்லி என்று எல்லாமே கை பழகிப்போன வேலைகள்.

மறுநாள் ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தார்கள். குதிரையின் புதுச் சாணியை எடுத்து ஆறு உருண்டையாகவும், வேறு இரண்டு மாடுகளின் சாணியை ஆறு ஆறாகவும் ஒரே அளவில் பிடித்து, தொட்டியோரத்தில் ஒரே நிழலில், ஒரே மண்ணில் வரிசையாக வைத்தார்கள். மான் மிதிக்காமலிருக்கச் சின்னவள் சுற்றிலும் வலை கட்டினாள். தினமும் காலையில் போய் எட்டிப் பார்த்து, டாக்டருக்குப் போன் செய்தாள்.

"குதிரைகிட்ட மூணு வண்டு வந்திருக்கு அண்ணி. மத்ததுலயும் ரெண்டு ரெண்டு இருக்கு."

"மத்ததுலயும் வந்திருக்கா?"

டாக்டர் இதை எதிர்பார்க்கவில்லை. வாடை பிடிக்காமல் வண்டுகள் ஒதுங்குகின்றன என்றுதான் நினைத்திருந்தார்.

இருபத்தைந்தாம் நாள் அடி மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். வண்டுகள் சாணியைச் சின்னச் சின்ன உருண்டைகளாக உருட்டி மண்ணுக்குள் கொண்டுபோய் முட்டையிட்டிருந்தன. குதிரையின் சாணியில் வண்டு உருட்டியவற்றை உடைத்தபோது வெள்ளை வெளேரென்று கொழுத்த புழுக்கள் சுருண்டு கிடந்தன. மற்ற இரண்டு மாடுகளின் சாணியில் உருட்டியவற்றிலும் புழுக்கள் இருந்தன. ஆனால் அரிசி அளவில், பழுப்பாக, காய்ந்துபோய். அப்படிப் பதினேழு வண்டு உருண்டைகளை உடைத்தார்கள். பதினேழிலும் அப்படியே.

தாய் வண்டு வருகிறது, முட்டை இடுகிறது, பிள்ளை பிழைப்பதில்லை. வருடா வருடம் அப்படியே. பிறகு வருவதற்கே வண்டு இல்லாமல் போகிறது. இவ்வளவு புரிந்தது. எது கொல்கிறது என்பதுதான் புரியவில்லை.

"இவ மட்டும் எதுல மத்தவங்களை விட வித்தியாசம் அண்ணி?" என்று சின்னவள் கேட்டாள்.

டாக்டர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, தம்பி மந்தையின் சிகிச்சைப் பதிவேட்டை எடுத்தார். குதிரைக்கு ஏதாவது நோய் வந்திருக்கிறதா, விசேஷமாக ஏதாவது மருந்து கொடுத்திருக்கிறோமா என்று பார்க்கத்தான் எடுத்தார். நாற்பத்தேழாம் எண்ணுக்கு விரலை ஓட்டினார். குடற்புழு ஊசிக்கான கட்டம். மூன்று மாதத்துக்கு ஒரு தரம், எல்லா மாட்டுக்கும் டிக் அடித்திருந்தது. நாற்பத்தேழுக்கு நேரே டிக் இல்லை. அவருடைய கையெழுத்திலேயே எழுதியிருந்தது: 'தாண்டி ஓடிவிட்டது.' அடுத்த பக்கம்: 'தாண்டி ஓடிவிட்டது.' அதற்கடுத்தது: 'மறுபடியும்.' அதற்குப் பிறகு வெறும் கோடுதான். எழுதுவதற்கே சலித்துப்போயிருக்கிறது.

இரண்டு வருடமாகக் குதிரைக்கு ஊசி விழவில்லை. மற்ற மாடுகளுக்குக் கடைசியாகப் போட்டது சோதனைக்குப் பதினைந்து நாள் முன்னால்.

டாக்டர் பதிவேட்டை மூடினார். எழுந்துபோய் மருந்து அலமாரியைத் திறந்து, அந்த மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்தார். பொடி எழுத்து. வயிற்றுப் புழுவைக் கொன்ற பிறகு மருந்து பல வாரங்களுக்குச் சாணியோடு வெளியேறும் என்று அதில் அச்சடித்திருந்தது. அந்தத் தாளைப் பதினோரு வருடமாக அவர் பிரிக்காமலே குப்பையில் போட்டிருக்கிறார்.

ஒரு சொட்டு மருந்து விழவில்லை என்று தம்பி சொன்னான். விழுந்திருக்கிறது. மாட்டின் வழியாக. ஊற்றியது வேறு யாருமில்லை.

இந்த ஒரு மந்தை மட்டுமா? சுற்றுவட்டாரத்தில் இருபத்துமூன்று மேய்ச்சல் நிலங்கள். எல்லாவற்றுக்கும் அவர்தான் டாக்டர். 'தேவை இருக்கோ இல்லையோ, மூணு மாசத்துக்கு ஒரு தரம் போட்டுடுங்க, நிம்மதியா இருக்கலாம்' என்று வீடு வீடாகச் சொன்னதும் அவர்தான். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவை அவர் திறக்கவே இல்லை.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். "நான்தான்டா."

தம்பி முதலில் நம்பவில்லை. நம்பியபோது கோபம் அக்காவின்மேல் வரவில்லை, அக்கா சொன்ன வழியின்மேல் வந்தது. "ஊசியை நிறுத்தறதா? கன்னுக்குட்டிங்க செத்துப்போகும் அக்கா. வண்டுக்காக மாட்டைப் பலி கொடுக்கச் சொல்றியா?"

"நிறுத்தச் சொல்லலை. எல்லாத்துக்கும் போடறதை நிறுத்துவோம். ஒவ்வொரு மாட்டுச் சாணியையும் மைக்ராஸ்கோப்ல பார்க்கறேன். புழு முட்டை அதிகமா இருக்கறதுக்கு மட்டும் மருந்து. அதுவும் இந்த ஊசி வேண்டாம், வாயில ஊத்தற பழைய மருந்து. அது சீக்கிரம் வெளியே போயிடும். அதுவரைக்கும் அந்த மாடுங்க பின்பட்டியில இருக்கட்டும்."

"நூத்தறுபது மாட்டுச் சாணியையும் பார்ப்பியா?"

"நான் கொண்டுபோய்க் கொடுக்கறேங்க," என்றாள் சின்னவள்.

முதல் சுற்றிலேயே ஆச்சரியம் காத்திருந்தது. நூற்றறுபதில் இருபத்தெட்டு மாடுகளுக்குத்தான் மருந்து தேவைப்பட்டது. நான்கு நாளுக்கு ஒரு தரம் இடம் மாறுவதால் புழுக்கள் அவற்றைத் திரும்பப் பிடிப்பதற்குள் மாடுகள் அடுத்த துண்டுக்குப் போய்விடுகின்றன. தம்பி செய்த வேலையே பாதி மருந்தாகியிருந்தது. டாக்டர் அதை அவனிடம் சொன்னபோது, அவன் காதில் வாங்காதது போலக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்தது.

ஆனால் மழைக்காலத்தில் ஒரு கன்று செத்தது. பால் மறக்கடித்த கிடாரி, முடி சிலிர்த்து, தாடையின் கீழ் வீங்கி, மூன்றே நாளில் போய்விட்டது. வயிற்றைத் திறந்து பார்த்தபோது புழுக்கள்தான். கன்றுகளைப் பதினைந்து நாளுக்கு ஒரு தரம் பார்த்திருக்க வேண்டும். டாக்டர் மாதத்துக்கு ஒரு தரம் போதும் என்று நினைத்துவிட்டார். தம்பியே குழி வெட்டிக் கன்றைப் புதைத்தான். மூன்று வாரம் அக்காவோடு பேசவே இல்லை. சின்னவள் மட்டும் திங்கட்கிழமை தவறாமல் எண் எழுதிய டப்பாக்களைக் கூடையில் கொண்டுவந்து வைப்பாள்.

"அவரு எப்படி இருக்கான்?" என்று டாக்டர் மரியாதையையும் உரிமையையும் குழப்பிக்கொண்டு கேட்பார்.

"இருக்காரு. டப்பாவுல நம்பர் எழுதினது அவருதான்."

அந்த மூன்று வாரம் முடிவதற்குள் கால்நடைச் சங்கத்தின் கூட்டம் வந்தது. தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை, மடக்கு நாற்காலிகள், முன்னால் ஒரு மைக். டாக்டர் எழுந்து, சோதனையில் வைத்த உருண்டைகளைப் பற்றியும் பதிவேட்டைப் பற்றியும் சுற்றி வளைக்காமல் சொன்னார். "உங்க நிலத்துல சாணி மக்காம கிடந்தா, அதுக்குக் காரணம் நான். நான் சொன்னதைக் கேட்டதுதான் நீங்க செஞ்ச தப்பு."

சிலர் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். அவருக்கு நானூறு மாடுகள். "பதினோரு வருஷம் போடு போடுன்னீங்க. இப்ப போடாதேங்கறீங்க. அடுத்த வருஷம் என்ன சொல்லுவீங்க?"

"அடுத்த வருஷம் எனக்கு வேற ஏதாவது தெரிய வந்தா, அதையும் வந்து சொல்லுவேன்."

"போடாம விட்டு மாடு செத்தா?"

டாக்டர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கொட்டகையின் ஓரத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. தம்பி எழுந்து நின்றான். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன். தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே பேசினான்.

"என்கிட்ட ஒண்ணு செத்துச்சு. நல்ல கிடாரி. அக்கா கணக்குத் தப்பிப்போச்சு, நானும் கவனிக்கலை. அதை மறைக்கறதுக்கில்ல." கொஞ்சம் நிறுத்தினான். "மத்த நூத்தம்பத்தொன்பதும் நல்லா இருக்கு. தொட்டியோரத் துண்டுல இப்ப சாணி தானா காணாமப் போகுது. வேணும்னா வந்து பாருங்க. வாயால சொன்னா நம்ப மாட்டீங்க. நானும் நம்பலை."

உட்கார்ந்துவிட்டான். டாக்டர் அவன் பக்கம் பார்த்தார். அவன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் ஏழு பேர் பார்க்க வந்தார்கள். நானூறு மாட்டுக்காரர் வரவில்லை. ஆனால் அவருடைய மகள் வந்து, எல்லாவற்றையும் போனில் படமெடுத்துக்கொண்டு போனாள்.

வண்டுகள் தாமாகப் பரவட்டும் என்று காத்திருக்கச் சின்னவளுக்குப் பொறுமை இல்லை. தொட்டியோரத்தில் வண்டு புகுந்த சாணியாகப் பார்த்து மண்ணோடு வெட்டி, வாளி வாளியாக வண்டியில் ஏற்றி, மற்ற பதின்மூன்று துண்டுகளிலும் கொண்டுபோய் வைத்தாள். வேலியோரமாகப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, மாட்டு நிலத்துக்கே சாணி ஏற்றுமதியா என்று கேட்டார்கள். "கல்யாணத்துக்குப் பிள்ளை வீட்டுக்காரங்களைக் கூட்டிட்டுப் போறேன்," என்று அவள் பதில் சொன்னாள்.

இரண்டு வருடம் ஆயிற்று. இப்போது மழைக்காலத்தில் சாணி ஒன்பது பத்து நாளில் காலியாகிவிடுகிறது. கோடையில் இன்னும் தாமதம்தான். பறவை சாரின் கடைசிக் கணக்கில் முப்பத்தைந்து கூடுகள், பத்தொன்பதில் குஞ்சுகள் பறந்துவிட்டன. வண்டு வந்ததால் மட்டுமே என்று எழுத அவர் மறுத்துவிட்டார். அந்த வருடம் மழையும் நன்றாக இருந்தது என்றார். டாக்டருக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருந்தது. இருபத்துமூன்று நிலங்களில் ஒன்பது வழியை மாற்றிக்கொண்டன. மற்றவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள். டாக்டரின் ஆஸ்பத்திரியில் மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் சாணி டப்பாக்களுக்கென்றே தனி அலமாரி வந்தது. சாப்பாட்டு டப்பா இப்போதெல்லாம் அடுத்த அறையில்.

போன மாதம் ஒரு காலை தம்பி போன் செய்தான். "அக்கா, உடனே வா. பறவை சாரையும் வரச் சொல்லியிருக்கேன்."

எந்த மாட்டுக்கு என்ன ஆயிற்றோ என்று டாக்டர் பையோடு ஓடினார். மாடுகள் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன. வடக்குத் துண்டில், புல்லுக்கு நடுவே, தம்பியும் சின்னவளும் குந்தியிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பறவை சார் குப்புறப் படுத்து, அளவு நாடாவைத் தரையில் விரித்துக்கொண்டிருந்தார்.

சாணியை ஏதோ ஒன்று பிய்த்துப் போட்டிருந்தது. வண்டின் ஓடுகள் சிதறிக் கிடந்தன. பக்கத்தில் ஒரு குழி, சாய்வாக, கை நுழையும் அகலத்தில். குழியின் வாயில் நகக் கீறல்கள்.

"நரியா?" என்றார் டாக்டர்.

"நரி இப்படித் தோண்டாது," என்றார் பறவை சார், தலையைத் தூக்காமலே. "முயலும் இல்லை. முயல் வண்டு தின்னாது."

"மூணு நகம்," என்றான் தம்பி.

"நாலுங்க. இதோ, ஓரத்துல ஒண்ணு லேசா இருக்கு பாருங்க," என்றாள் சின்னவள்.

"அது குச்சி கீறினது."

டாக்டர் பையைத் தூக்கிப் புல்லின்மேல் வைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முட்டிபோட்டுக் குனிந்தார். ஈர மண் வாசனையோடு, அவருக்குப் பழக்கமில்லாத இன்னொரு விலங்கின் வாடை குழிக்குள்ளிருந்து வந்தது.

"கொஞ்சம் நகருங்க," என்றார். "நான் பார்க்கறேன்."